சுப்பராயன் செய்த பஸ்ரா விமானம்

ஆம்பூர் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவன் நான். ரஷீத் அஹமது என்று பெயர். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது; கடிகார பாய் என்றால் யாரும் கடையைக் காட்டிவிடுவார்கள். என் கடையில் திருகாணி, கம்பி, பல்சக்கரம் என்று சில்லறைச் சாமான்கள் காணாமல் போவது சகஜம். ஆனால் "பாய், இந்தத் திருகாணிய நான் எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனவர் சுப்பராயன் ஒருவர்தான். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். சிரித்துக்கொண்டே மறுநாளும் வந்து நிற்பார். இப்படி இரண்டு வருஷம் என் பிராணனை வாங்கி அவர் ஓர் ஆகாய விமானம் செய்தார். ஜெர்மன் சண்டையில் பறந்த விமானத்தின் அச்சு அசல். அடிக்கு ஓர் அங்குலக் கணக்கு. இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூன்றடி ஓர் அங்குலம்.

அதை எதற்காகச் செய்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. கடிகாரத்தின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் எனக்குப் பேச்சே வரும்.

சுப்பராயன் பாலாற்றங்கரைக் கிராமத்துக்காரர். பதினாறு வயதில் ஆம்பூர் டேனரி ஒன்றில் சுண்ணாம்புக் குழி வேலைக்கு வந்தார். பச்சைத் தோலில் மயிர் கழல்வதற்காக நாள் கணக்கில் ஊறப்போடும் குழி அது. ஊறிய மாட்டுத் தோலை ஓர் ஆள் தூக்க முடியாது. குழியின் இந்தக் கரையில் ஒருவன், எதிர்க்கரையில் ஒருவன், இருவர் கையிலும் நீண்ட குறடு. ஒருவன் பக்கம் தோல் அடியில் மாட்டிக்கொண்டால் அவன் "இக்கட!" என்று கத்துவான். இந்தப் பக்கம் வா என்று அர்த்தம். தெலுங்குக்காரர்கள் கொண்டுவந்த சொல், எல்லாக் குழியிலும் அதுதான் வழக்கம். அந்தக் குரல் கேட்டால் எதிராளி ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. கையில் இருப்பதை விட்டுவிட்டு, குழிக்குக் குறுக்கே போட்டிருக்கும் பலகைமேல் நேராக நடந்து வந்து கை கொடுக்க வேண்டும். தாமதித்தால் தோலின் கனம் கூப்பிட்டவனைச் சுண்ணாம்புக்குள் இழுத்துவிடும். அப்படி வெந்துபோன கால்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுப்பராயனுக்கு எதிர்க்கரை ஆள் அருளப்பன். ஒன்பது வருஷம் இருவரும் ஒரே குழி. அருளப்பன் நல்ல மனுஷன்தான், ஆனால் குடிப்பான். குடித்தால் வீட்டில் பானை சட்டி மிஞ்சாது. அவன் மனைவி சவுரியம்மாள் அதே டேனரி முற்றத்தில் மயிர் அலசி உலர்த்தும் வேலை செய்தவர். 1916இல் பட்டாளத்துக்குக் கூலியாள் சேர்த்தபோது நண்பர்கள் இருவரும் பெயர் கொடுத்தார்கள். புறப்படுவதற்கு முன்னால் அருளப்பன் மாதா கோயிலில் முழங்கால் போட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று சவுரியம்மாள் எதிரிலேயே சத்தியம் செய்தான்.

கப்பல் அவர்களைப் பஸ்ராவில் இறக்கியது. தோல்காரர்கள், ஊசி பிடிக்கத் தெரியும் என்று சொன்னதால், உடைந்த விமானங்களைச் சரிசெய்யும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். இறக்கைக்கு லினன் துணியைப் போர்த்தி, ஒவ்வொரு விலாக் கட்டைக்கும் சேர்த்துத் தைப்பது வேலை. எத்தனை விலா, எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல், எந்தக் கம்பி எங்கே முடிகிறது என்பதெல்லாம் சுப்பராயனின் கைக்கு அப்படித்தான் மனப்பாடமானது. தையல் இல்லாத நேரங்களில் மைதானத்து எடுபிடி வேலையும் உண்டு. விமானச் சக்கரங்களுக்கு முன்னால் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். விசிறியைச் சுற்றி விட்டு, விமானி கை காட்டியதும், பக்கத்துக்கு ஒருவனாக நின்று கயிற்றால் அந்தக் கட்டைகளை இழுத்துவிட வேண்டும். இழுத்தவன் வெளிப்பக்கமாக, இறக்கை முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். முன்பக்கம் போகவே கூடாது. அங்கே விசிறி சுற்றுகிறது.

1917 பிப்ரவரியில் ஒருநாள், மழை விட்ட காலை. மைதானம் முழுக்கச் சேறு. அருளப்பன் பக்கத்துக் கட்டை வந்துவிட்டது. சுப்பராயன் பக்கத்துக் கட்டை சேற்றில் இறுகிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. "இக்கட!" என்று கத்தினார். அந்த இரைச்சலில் குரல் கேட்டதோ, வாயசைவு தெரிந்ததோ, நமக்குத் தெரியாது. ஒன்பது வருஷப் பழக்கத்துக்குக் காது அவசியமில்லை. அருளப்பன் கயிற்றை விட்டுவிட்டு, குழிப் பலகைமேல் நடப்பவனைப் போல நேராகக் குறுக்கே வந்தான்.

சவுரியம்மாளுக்குப் பட்டாளத்துக் காகிதம் வந்தது. ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் விசிறியில் தன் கவனக்குறைவால் அடிபட்டு இறந்தான் என்று அதில் இருந்ததை யாரோ படித்துச் சொன்னார்கள். அந்த அம்மாளுக்குப் புரிந்தது ஒன்றுதான். பகல் வெளிச்சத்தில், ஆளுயரக் கட்டை சுற்றுகிறது, அதில் போய் ஒருவன் முட்டிக்கொள்கிறான் என்றால் குடித்திருக்க வேண்டும். சத்தியத்தை மீறியிருக்க வேண்டும். 1919இல் சுப்பராயன் ஊர் திரும்பிய அன்றே அவர் வந்து கேட்டார், குடித்திருந்தானா என்று. "நான் அன்னிக்கி அந்தப் பக்கமே இல்ல தங்கச்சி, எனக்குத் தெரியாது" என்று சுப்பராயன் சொல்லிவிட்டார். வாயில் வந்தது அதுதான். கோழை என்றால் கோழைதான். அவரே என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னார்.

அதற்குப் பிறகு சவுரியம்மாள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அந்தக் குடிகாரன் என்றுதான் சொல்வார். கல்லறைத் திருநாளில் செத்தவர்களுக்காகப் பூசை வைக்கும்போது அவன் பெயரைக் கொடுத்ததில்லை. எட்டு வருஷம் சுப்பராயன் இதைப் பார்த்துக்கொண்டே அதே டேனரியில் வேலை செய்தார்.

1927இல் ஒருநாள் பாலாற்றின் மேலாக ஒரு விமானம் தாழப் பறந்து பெங்களூர்ப் பக்கம் போனது. டேனரியே வாயைப் பிளந்துகொண்டு முற்றத்தில் நின்றது. சவுரியம்மாள் அண்ணாந்து பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, "மேல பறந்தா கூட பரவால்ல. நின்னுக்கினு இருந்ததுல போயி முட்டிக்கினான் அந்தக் குடிகாரன்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். சுப்பராயன் நேரே என் கடைக்கு வந்தார். முழுக் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார்.

"போய்ச் சொல்லிட வேண்டியதுதானே" என்றேன்.

"இன்னான்னு சொல்றது பாய்? சுத்தற விசிறி கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னா நம்புவாங்களா? அவ்ளோ பெரிய கட்ட எப்டிய்யா தெரியாம போவும், நீயும் குடிச்சிருந்தியான்னு கேப்பாங்க. பாத்தாத்தான் நம்புவாங்க. நான் செஞ்சி காட்டப் போறேன்."

"விசிறி மட்டும் செய்யேன்."

"வெறும் விசிறிய வெச்சிக்கினு எவன் எங்க நின்னான்னு எப்டிக் காட்டறது? முழுசா செய்யணும்."

ஒடுகத்தூர் மலையடிவாரத்திலிருந்து மூங்கில் வந்தது. அதைச் சிம்பு சிம்பாகக் கீறி, தோல் சீவும் கத்தியால் வழித்து, சுடுதண்ணீர் ஆவியில் வளைத்து விலாக்களாக்கினார். மேலிறக்கைக்கும் கீழிறக்கைக்கும் நடுவே எட்டுக் கால்கள். கால்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். அதற்கு என் கடையின் பித்தளைக் கம்பிச் சுருள் முழுக்கக் காலி. சக்கரத்தைக் கடைசல்காரரிடம் கொடுத்து மூன்று தடவை திருப்பி அனுப்பினார். விமானி இருக்கைக்கு முன்னால் இருந்த கண்ணாடித் தடுப்பு ஒரு விரல் சாய்ந்திருக்கும் என்று சொல்லி, நான் ஒட்டியதைப் பெயர்த்துச் சாய்த்து ஒட்டினார். "இதப் பாத்து சவுரியம்மா இன்னா பண்ணப் போறாங்க?" என்று கேட்டால், "நான் பாப்பேன் இல்ல" என்பார்.

இத்தனை கண்டிப்பான மனுஷன் இறக்கையைப் போர்த்தும் இடத்தில் சறுக்கினார். முதலில் மல் துணியில் அரிசிக் கஞ்சி தடவிப் பார்த்தார். ஐப்பசி ஈரத்தில் துணி தொங்கிப்போனது. டேனரி ஆட்களுக்கு இதைக் கேட்டு ரோஷம் வந்துவிட்டது. தோல் ஊரில் இருந்துகொண்டு துணியா என்று சொல்லி, வெள்ளாட்டுக் குட்டியின் தோல் ஒன்றைச் சுண்ணாம்பில் போட்டு, காகித மெல்லிசாகச் சீவி, பதனிடாமல் பச்சையாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை ஈரத்தோடு இழுத்துத் தைத்தார். காய்ந்ததும் பம்பைத் தோல்போல விறைத்து நின்றது. விரலால் தட்டினால் கணீரென்றது. பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை, நான் உட்பட. பஸ்ராவில் இரண்டு வருஷம் துணி தைத்தவருக்கும் அது தப்பென்று தோன்றவில்லை. தோலையே பார்த்த கண்ணுக்கு வேறு எது தோன்றும்?

அக்கினி நட்சத்திரம் வந்தது. வேலூர் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் சுப்பராயன் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தவர்கள் உள்ளே பட் பட்டென்று சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால், தோல் மேலும் மேலும் சுருங்கி இறக்கையைப் பிடித்து முறுக்கி, விலாக்களில் பாதிக்கு மேல் உடைத்துவிட்டிருந்தது. எட்டு மாத வேலை. அவர் மனைவி கெங்கம்மாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "ஆட்டுத் தோலுகூட உன்கிட்ட வேல செய்ய மாட்டேன்னுது" என்றார். சுப்பராயன் அன்று சாப்பிடவில்லை. ஒரு வாரம் என் கடைப்பக்கமும் வரவில்லை. சரி, விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

எட்டாம் நாள் வந்து, "பாய், புளியங்கொட்டப் பசை" என்றார். வேறு முகமன் கிடையாது. மெல்லிய துணியில் புளியங்கொட்டைப் பசையை நீர்க்கக் கரைத்து மூன்று பூச்சு. அது ஈரத்துக்கும் தொங்கவில்லை, வெயிலுக்கும் இழுக்கவில்லை. விலாக்களை முதலிலிருந்து மறுபடி செய்தார்.

விசிறி என் பங்கு. நாலு இதழ், ஒன்பது அங்குலம். உடைந்த கிராமபோன் ஒன்றிலிருந்து சுருள்வில்லை எடுத்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் குண்டுகளைக் கழற்றிப் போட்டு, சுவர்க் கடிகாரத்தின் பல்சக்கரங்களை மாட்டினேன். தேக்கு விசிறி கனத்தில் நொண்டியது. கல்யாண முருங்கைக் கட்டையில் இழைத்ததும் பறந்தது. அசலில் இதழ் ஓரங்களுக்குப் பித்தளைத் தகடு அடித்திருந்தார்கள் என்று சொல்லி, அதிலும் மெல்லிய தகடு ஒட்டவைத்தார். சாவி கொடுத்து விட்டால் முப்பது எண்ணும் வரை ஓடும். முதல் ஐந்து எண்ணிக்கையிலேயே நாலு இதழும் மறைந்துவிடும். பின்னால் இருக்கும் சுவர் தெரியும்.

கடைசியாகச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, இரண்டு பக்கமும் நூல் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். பெருமைப்படக்கூடிய யோசனை இல்லை.

"விசிறி மறையறதக் காட்டு. அருளப்பன் குடிக்கலேன்னு அந்தம்மாவுக்குப் புரிஞ்சிடும். அதோட நிறுத்திக்க. நீ கூப்ட்ட கதைய எதுக்கு எடுக்கற? அந்தப் பக்கத்துக் கயித்த யாரோ பஞ்சாபிக்காரன் புடிச்சிருந்தான்னு சொல்லிட்டுப் போயேன்."

"அப்ப அருளப்பன் ஏன் குறுக்கால வந்தான்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

அவர் இரண்டாவது கயிற்றின் முடிச்சை இறுக்கினார்.

1929 கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் சவுரியம்மாளைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். விமானத்தைப் பார்த்து, "இதுக்கா ரெண்டு வருசம்?" என்றார். சுப்பராயன் பாடம் ஒப்பிப்பதுபோல இது சக்கரம், இது கட்டை, இது கயிறு, அருளப்பன் நின்றது இங்கே என்று சொல்லிக்கொண்டு போனார். பிறகு சாவியைத் திருகி விட்டார்.

வில் இரைந்தது. விசிறி சுழன்று, மங்கி, இல்லாமல் போனது.

சவுரியம்மாள் குனிந்தார். "கட்ட எங்க போச்சி?"

"அங்கயேதான் இருக்குது தங்கச்சி."

"பொய்." சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிட்டார். நாங்கள் தடுப்பதற்குள் பித்தளை ஓரம் இரண்டு விரல் கணுக்களில் தோலைச் சீவிவிட்டது. ஓர் இதழ் முறிந்து மூலையில் விழுந்தது. அவர் கத்தவில்லை. ரத்தத்தைப் பார்த்தபடி நின்றார். விசிறி தடுமாறி நின்றதும், மிச்சமிருந்த மூன்று இதழ்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தெரியவே இல்லியே" என்றார்.

"தெரியாது. அவன் குடிக்கல. பஸ்ராவுல ஒரு நாளுகூட தொடல."

கடிகாரம் துடைக்கும் துணியைக் கிழித்து நான் விரலைக் கட்டினேன். இத்தோடு முடியட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். விமானத்தின்மேல் போர்த்துவதற்குப் போர்வையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"குடிக்கலேன்னா, அந்தப் பக்கம் இன்னாத்துக்குப் போனாரு?"

நான் சுப்பராயனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது கயிற்றின்மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கயிறு என் கையில இருந்திச்சி. கட்ட சேத்துல மாட்டிக்கிச்சி. நான்தான் இக்கடன்னு கூப்ட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் இதை விளக்க வேண்டியிருக்கும். அந்த டேனரி முற்றத்தில் தினம் நூறு தடவை அந்தக் குரலைக் கேட்டவருக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கூப்ட்ட ஒடனே வந்துட்டாரா?"

"வந்துட்டான்."

"நேராவா?"

"நேரா."

என் முக்காலியில் உட்கார்ந்து சவுரியம்மாள் அழுதார். பன்னிரண்டு வருஷத்துக்குச் சேர்த்து அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீ வந்த அன்னிக்கே ஓடி வந்து கேட்டேனேண்ணா. அப்பவே சொல்லியிருந்தா உன்னத் திட்டியிருப்பேன், மண்ண வாரித் தூத்தியிருப்பேன். எங்க ஊட்டுக்காரரு பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பாரு. செத்துப் போன மனுசனப் போயி இத்தினி வருசம்..."

அதற்குமேல் அவருக்கு அண்ணாவும் இல்லை, மரியாதையும் இல்லை. எழுந்து நின்று சுப்பராயனைத் திட்ட ஆரம்பித்தார். அந்த வசவுகளை நான் எழுதமாட்டேன். கடைத்தெருவில் இருபது வருஷம் உட்கார்ந்தும் அப்படி நான் கேட்டதில்லை. வெளியே கூட்டம் கூடிவிட்டது. சுப்பராயன் தலையைக் குனிந்துகொண்டு கடைசி வார்த்தை வரை கேட்டார்.

விமானத்துக்கு அவர் முறிந்த இதழை மாற்றவில்லை. என் கடை உத்தரத்தில் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் விலை கேட்பார்கள், விற்பதற்கில்லை என்பேன். டேனரியில் அவர் இன்னும் ஆறு வருஷம் வேலை பார்த்தார். பிறகு இருமலில் படுத்தார், 1936இல் போய்விட்டார்.

அந்த வருஷங்களில் சவுரியம்மாள் அவரைக் குழாயடியில் பார்த்தாலும் சரி, சந்தையில் பார்த்தாலும் சரி, நின்று நாலு வார்த்தை திட்டாமல் நகர்ந்ததில்லை. எங்க ஊட்டுக்காரர் அப்படிப்பட்டவர், இப்படிப்பட்டவர், அவரைக் கூப்பிட்டுக் கொன்றவன் நீ என்று சந்தையே கேட்கச் சொல்வார். எனக்கே பொறுக்கவில்லை. ஒருநாள் சுப்பராயனிடம், "நான் வேணும்னா அந்தம்மாகிட்ட பேசிப் பாக்கறேன். திட்னது போதும்னு சொல்றேன்" என்றேன்.

அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் பாய். இப்பத்தான் சரியான ஆளத் திட்றாங்க."